தாவர எண்ணெய் டீசலும் அதன் தரப் பரீட்சையும்

நம் இல்லங்களில் எண்ணெய் வாங்கும் முதியோர் அதனைச் சோதிக்கும் முறை நாம் யாவரும் அறிந்ததே. ஒரு துளியை உள்ளங்கையிலிட்டுத் தேய்ப்பர், முகர்ந்து பார்ப்பர், நாவில் வைத்துச் சுவைப்பர், காறல் இருப்பின் முகத்தைச் சுளித்துச் செக்குக்காரரிடமே திருப்பி அனுப்புவர். கண்ணும் மூக்கும் நாவுமே அவர்தம் ஆய்வுச்சாலை. சமையலுக்கு அது பெரும்பாலும் போதும். தீவட்டிக்கு எண்ணெயின்றிக் கதவுக்கு வெளியே நின்ற கன்னியர் ஐவரின் உவமையைக் கேட்டு வளர்ந்த நம் கல்லூரி வாசகர்க்கு எண்ணெய் இல்லாமையால் விளையும் கேடு நன்கு தெரியும். எண்ணெய் கையிலிருந்தும் அது தகாத எண்ணெயாயிருப்பின் என்னாகும் என்பதை அவ்வுவமை எடுத்துக்கொள்ளவில்லை. அதுவே இக்கட்டுரைக்குப் பொருள்.

தாவர எண்ணெய்களிலிருந்து செய்யப்பட்டு டீசல் யந்திரங்களில் எரிக்கப்படும் பொருளுக்குப் பயோடீசல் என்று பெயர். நன்றாய்ச் செய்த பயோடீசலும் அரைகுறையாய்ச் செய்த பயோடீசலும் ஒரே விதமான இரண்டு சீசாக்களில் ஊற்றிவைக்கப்பட்டிருப்பின், இரண்டும் தேன் நிறத்தோடு தெளிந்து விளங்கும். எது நல்லது, எது தீயது என்று கண்ணால் காண இயலாது. யந்திரத்திற்கோ நாவில்லை, முதல் நாளே முகஞ் சுளிக்க அதனால் ஆகாது. ஆறு மாதங்கழித்து வடிகட்டி அடைபட்டோ, பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொண்டோதான் அது தன் குறையைத் தெரிவிக்கும். ஆதலின் யந்திரத்திற்காக நாம் சுவைத்துப் பார்க்க வேண்டியவராகின்றோம். அவ்வாறு சுவைப்பதற்கு இரசாயனிகள் வகுத்த முறைகளே தரப் பரீட்சைகள். எத்துணை வரை பொறுக்கலாம் என்று குறித்த எல்லைகளே தரவிதிகள்.

முதற்கண் வரலாறு சிறிது கூறுவாம். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறிஞர் 1893-ல் உரிமைப் பத்திரம் பெற்று, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் செவ்வனே இயங்கச் செய்த யந்திரமே இன்று உலகெங்கும் லாரிகளையும் பஸ்களையும் இழுக்கும் யந்திரத்தின் மூதாதையாகும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒட்டோ கம்பெனியார் வைத்திருந்த சிறு டீசல் யந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. மண்ணெண்ணெய் இனத்திற்கென்று கட்டப்பட்ட அவ்யந்திரம் யாதொரு மாறுதலுமின்றிக் கடலை எண்ணெயில் அமைதியாய் ஓடியமையால், பார்த்தவரில் மிகச் சிலரே அதனை அறிந்தனர் என்று டீசலே பின்னர் எழுதியுள்ளார். பிரெஞ்சு அரசாங்கத்தார் தம் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையை எரிபொருளாக்கக் கருதியதே இதற்குக் காரணம்.

பொருட்காட்சியில் சில நாள் ஓடுவது வேறு, சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓடுவது வேறு. தாவர எண்ணெயின் முதற் குற்றம் அதன் பாகுத்தன்மை. 40 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் பெட்ரோலிய டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4 வரை என்றால், கடலை, சோயா, சூரியகாந்தி முதலிய எண்ணெய்களின் பாகுத்தன்மை 30 முதல் 40 வரை ஆகும். (இங்குக் கூறும் அளவு வினாடிக்குச் சதுர மில்லிமீட்டர் என்னும் அளவாகும்.) இத்துணைத் தடித்த எண்ணெயைப் பீச்சுகுழலின் நுண்ணிய துளைகள் பனிப்புகைபோல் தூவ மாட்டா; பெருந்துளிகளாகவே உமிழும். பெருந்துளி முற்றும் எரியாது. எரியாத மிச்சம் குழல்முனையில் கரியாய்ப் படியும், வளையங்களை ஒட்டவைக்கும், கீழே வடிந்து மசகெண்ணெயிற் கலந்து அதனைக் கூழாக்கும்.

இக்குற்றத்தைக் களையும் வழியைப் பெல்ஜிய நாட்டு ஷவான் என்னும் பேராசிரியர் காட்டினர். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர்க்கு 1937 ஆகஸ்டில் ஓர் உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. பனைவகை ஒன்றின் எண்ணெயைச் சாராயத்தோடு கூட்டி எஸ்டராக மாற்றுவதே அவர் முறை. 1938-ல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெயின் நகருக்கும் இடையே பயணிகளை ஏற்றிய பஸ் ஒன்று அவ்வெஸ்டரில் ஓடிற்று. பின்னர்ப் பெட்ரோலியம் மலிந்தமையால் இக்கருத்து உறங்கிக் கிடந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபின் விழித்தெழுந்தது. 1991-ல் ஆஸ்திரியா தேசத்தார், கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையெண்ணெயின் எஸ்டருக்கு முதன்முதல் தரவிதி வகுத்தனர். அமெரிக்கரின் டி 6751 என்னும் விதி 2002-லும், ஐரோப்பியரின் ஈ.என். 14214 என்னும் விதி 2003-லும், நம் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தாரின் ஐ.எஸ். 15607 என்னும் விதி 2005-லும் வெளிவந்தன. இவை பின்னர்ப் பலமுறை திருத்தம் பெற்றுள்ளன.

நிற்க. பரீட்சைகளைப் புரிந்துகொள்ளச் செய்முறையின் சாரத்தை அறிதல் வேண்டும். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் கிளிசரின் என்னும் ஒரு தண்டும், அதிற் கோத்த கொழுப்பமிலச் சங்கிலிகள் மூன்றும் உடையது. மரச்சாராயம் எனப்படும் மெதனாலில் சிறிதளவு காஸ்டிக் சோடாவை ஊக்கியாகக் கரைத்து, எண்ணெயிற் சேர்த்து, 60 பாகையளவில் கலக்கினால், சங்கிலிகள் ஒவ்வொன்றாய்த் தண்டைவிட்டு நீங்கி மெதனாலோடு கூடி மெதில் எஸ்டராகும். தண்டாகிய கிளிசரின் கனமாதலின் அடியில் தங்கும். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 11 கிலோ மெதனால் செலவாகும். ஏறத்தாழ 100 கிலோ எஸ்டரும் 10 கிலோவுக்குச் சிறிது மேற்பட்ட கிளிசரினும் கிடைக்கும். எஸ்டரின் பாகுத்தன்மை நான்கு, ஐந்து என்னும் அளவிற்கு இறங்கிவிடும். (மெதனால் கண்ணொளியையும் உயிரையும் போக்கும் விஷம். இதனை ஆசிரியரின்றித் தனியே செய்து பார்க்க வேண்டாமென்று மாணவரை எச்சரிக்கின்றோம்.)

மேற்கூறிய வாக்கியங்களிலேயே குற்றங்கள் புகும் வாயில்கள் யாவும் அடங்கியுள. சங்கிலி மூன்றும் நீங்காமல் ஒன்றோ இரண்டோ தண்டிலேயே தங்கிவிடலாம். கிளிசரின் முற்றும் வடியாது கலந்து நிற்கலாம். மிகுந்த மெதனால் ஓடிப்போகாமல் இருக்கலாம். ஊக்கியிலுள்ள சோடியம் சவுக்காரமாகித் தங்கலாம். கழுவிய நீர் உலராது நிற்கலாம். இவற்றின்மேல், எடுத்துக்கொண்ட எண்ணெயே இயல்பாற் குறையுடையதாயிருக்கலாம். தரவிதியின் அட்டவணையை முதன்முறை காணும் மாணவன் இருபதுக்கு மேற்பட்ட எண்களைக் கண்டு மயங்குவான். அவ்வெண்களுக்குப் பின்னே மேற்கூறிய வாயில்களில் ஒன்றும், அதனாற் கெட்ட யந்திர உறுப்பொன்றும் நிற்கக் காண்பானாயின் மயக்கம் நீங்கும்.

கிளிசரினிடமிருந்தே தொடங்குவோம், தொல்லையிற் பெரும்பகுதி அதனால்தான். தனித்து நிற்கும் கிளிசரின் நூற்றுக்கு 0.02-க்கு மேற்படலாகாது, தனித்ததும் சங்கிலியோடு கட்டுண்டதும் சேர்ந்த மொத்தக் கிளிசரின் 0.25-க்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய விதி. அமெரிக்க விதியில் மொத்தம் 0.24. இவ்வெண் சிறிதென்று தோன்றலாம். எண்ணெயிற் பிறவியிலேயே நூற்றுக்கு ஏறக்குறையப் பத்தரைப் பங்கு கிளிசரின் உண்டு. அதில் கால் பங்கே எஞ்சலாமெனின், நூறு சங்கிலிகளில் ஏறத்தாழத் தொண்ணூற்றெட்டு நீங்கியிருத்தல் வேண்டும் என்பது கணக்கு. தொண்ணூறு நீங்கிய நிலையிலும் திரவம் தெளிந்தே இருக்கும், யந்திரமும் ஓடும். பாகுத்தன்மையும் பெரிதும் குறைந்துவிட்டிருக்கும். ஆனால் ஒற்றைச் சங்கிலியோடு நிற்கும் மானோகிளிசரைடுகள் குளிரில் உறைந்து வெண்துகளாய் வடிகட்டியை அடைக்கும். தனிக் கிளிசரின் தொட்டியின் அடியிற் படிந்து, நீரையும் அழுக்கையும் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

இதனை நாம் படிப்பினால் மட்டும் கூறவில்லை. நம் விடுதிச் சமையலறையிற் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொண்டு மாணவர் சிலரோடு பயோடீசல் செய்தோம். நீர் விட்டு மும்முறை கழுவி, சூடாக்கி உலர்த்திய பின் அது பொன்போல் விளங்கிற்று. எழுதிய தாளைச் சீசாவின் பின்னே பிடித்து எழுத்தைப் படித்து மகிழ்ந்தோம். ஒருவரையொருவர் பாராட்டியும் கொண்டோம். பின்னர் ஒரு மாணவன் எளிய சோதனை ஒன்றை நினைவூட்டினான். 27 மில்லிலிட்டர் மெதனாலில் 3 மில்லிலிட்டர் எரிபொருளை விட்டுக் குலுக்கி நிறுத்துதல் வேண்டும். எஸ்டர் மெதனாலிற் கரையும். மாறாத எண்ணெய் கரையாது. நாம் நிறுத்திய குழாயின் அடியில் சில நிமிஷங்களுள் எண்ணெய் மணிமணியாய்த் திரண்டது. நம் மகிழ்ச்சி அத்துடன் தீர்ந்தது. சமையலறை எண்ணெயிற் கலந்திருந்த அமிலம் ஊக்கியைத் தின்றுவிட்டதையும், அதற்கீடாகச் சோடாவைக் கூட்டிச் சேர்க்க நாம் தவறியதையும் பின்னர்க் கண்டோம். மறுபடியும் மெதனாலும் ஊக்கியும் இட்டு இரண்டாமுறை காய்ச்சியபின் குழாய் தெளிந்து நின்றது.

எனினும் இச்சோதனை எத்தரவிதியிலும் இல்லாத வாயிற்காவலனே என்பதை மறத்தலாகாது. மானோகிளிசரைடும் மெதனாலிற் கரைவதாகலின் இக்காவலன் கண்ணுக்கு அது தப்பிவிடும். 0.25 என்னும் எண்ணைச் சொல்ல வல்லது வாயுப் பிரிகைக் கருவி ஒன்றே. கிளிசரினையும் அதன் கூட்டாளிகளையும் எளிதில் ஆவியாகும் பொருள்களாக மாற்றி, நீண்ட நுண்குழாயின் வழியே ஓடவிட்டு, ஒவ்வொன்றும் வெளிவரும் நேரத்தையும் அளவையும் அக்கருவி வரைந்து காட்டும். அதன் விலை சிறு தொழிலாளரின் கைக்கு எட்டாதது. இத்தொழிலின் இடர்ப்பாடு பெரிதும் இங்கேதான் இருக்கிறது: செய்வது எளிது, செய்தது நன்றா என்று அறிவது அரிது.

அமில எண்ணோ கல்லூரி மாணவர் யாவரும் தம் கையாலேயே காணக்கூடியது. ஒரு கிராம் பொருளிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்துணை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைடிராக்ஸைடு வேண்டுமோ அதுவே அமில எண். அது 0.50-க்கு மேற்படலாகாதென்பதில் ஐரோப்பிய விதியும் அமெரிக்க விதியும் நம் நாட்டு விதியும் ஒருமிக்கின்றன. கூம்புக் குடுவையில் 10 கிராம் மாதிரியை எடுத்து, முன்னரே நடுநிலையாக்கிய சாராயத்திற் கரைத்து, பினாப்தலீன் இரண்டு துளி விட்டு, பத்திலொரு நார்மல் காரத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுக. செலவான மில்லிலிட்டரை 0.561 ஆற் பெருக்க அமில எண் வரும். ஆகவே இளஞ்சிவப்பு நிறம் 0.89 மில்லிலிட்டருக்குள் தோன்றி நிலைத்தால் மாதிரி தேறியது. ஏறத்தாழப் பதினெட்டுச் சொட்டுக்களே வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள தூரம். பியூரெட்டின் முனையில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் முடிவு பிழைபடும். முதலாண்டு வகுப்பில் நாம் ஏன் குமிழியைப் பற்றி அத்துணைக் கண்டிப்பாயிருக்கிறோம் என்று முணுமுணுக்கும் மாணவர் இதனைக் கவனிப்பாராக.

அமில எண் இன்றைய நிலையைச் சொல்லும். நாளை என்னாகும் என்று சொல்லாது. எண்ணெய் நாளாவட்டத்திற் காறுவதற்குக் காரணம் காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு கூடுதலே. எஸ்டரும் அவ்வாறே காறும். காறினால் அமிலமும், முற்றினால் கோந்தும் உண்டாகும். எத்துணை நாள் தாங்கும் என்று அறிய, ஆண்டுக்கணக்காய்க் காத்திராமல் விரைவுப் பரீட்சை ஒன்று வகுத்துள்ளனர். மாதிரியை 110 பாகையில் வைத்து அதனுள் காற்றை ஊதுவர். காறத் தொடங்கியதும் எழும் அமில ஆவிகள் தூய நீருக்குட் சென்று கரைய, அந்நீரின் மின்கடத்துந் திறன் திடீரென ஏறும். அதுவரை கழிந்த நேரமே தாங்கும் நேரம். அமெரிக்க விதி 3 மணியும், ஐரோப்பிய விதி முதலில் 6 மணியும் பின்னர் 8 மணியும் கேட்டன. குளிர்ப்பிரதேசத்தாரைவிட வெயிலிற் கொதிக்கும் தகரப் பீப்பாய்களை உடைய நமக்கே இப்பரீட்சை மிகவும் இன்றியமையாதது.

காறுதலுக்கு வித்து, கொழுப்பமிலச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புக்கள். அவற்றின் தொகையை அயோடின் எண் காட்டும். 100 கிராம் எண்ணெய் ஏற்கும் அயோடினின் கிராம் அளவே அது. தேங்காயெண்ணெய்க்கு அது பத்தையொட்டியும், கடலை எண்ணெய்க்குத் தொண்ணூற்றையடுத்தும், சோயா எண்ணெய்க்கு 120 முதல் 140 வரையும் இருக்கும். ஐரோப்பிய விதி 120-க்கு மேற்படலாகாதென்கிறது. அமெரிக்க விதியில் அயோடின் எண்ணுக்கு எல்லையே இல்லை. ஐரோப்பியர் விளைவிப்பது 120-க்கு உட்பட்ட ரேப் விதை. அமெரிக்கர் விளைவிப்பது 120-ஐத் தாண்டும் சோயா. தரவிதி இரசாயனத்தால் மட்டும் எழுதப்படுவதன்று, வயலும் சந்தையும் அதிற் கையொப்பமிடுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம் கருத்தோவெனின், அயோடின் எண் பிணைப்புக்களைத் தொகையாய் எண்ணுமேயன்றி வேறுபடுத்திக் காட்டாது. ஓலியிக், லினோலியிக், லினோலெனிக் என்னும் மூன்று அமிலங்களின் எஸ்டர்களும் காறும் வேகம் 1, 41, 98 என்னும் விகிதத்திலுள்ளதென்று கண்டுள்ளனர். லினோலெனிக் எஸ்டர் மட்டும் நூற்றுக்கு 12-க்கு மேற்படலாகாதென்று ஐரோப்பியர் தனியே விதித்ததும், தாங்கும் நேரத்தை நேரே அளப்பதும் அயோடின் எண்ணினும் சிறந்த காவல் என்பதே நம் துணிபு.

எண்ணெயின் பிறவிக் குணம் வேறு வகையிலும் வழிமறிக்கும். நம்மூர் ஆமணக்கெண்ணெய் அயோடின் எண்ணில் எளிதாகத் தேறும், 90-ஐத் தாண்டாது. ஆயினும் அதன் சங்கிலியில் ஒட்டியுள்ள ஹைடிராக்ஸில் தொகுதி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணித்துவைப்பதால், முற்றும் எஸ்டராக்கிய பின்னும் பாகுத்தன்மை 13-க்கு மேலேயே நிற்கும். ஐரோப்பிய எல்லையோ 3.5 முதல் 5.0 வரை. செய்பவன் எத்துணைத் திறமையுடையவனாயினும் ஆமணக்கைத் தனியே கொண்டு இவ்விதியை வெல்ல முடியாது. பிறவற்றோடு கலந்தே பயன்படுத்தல் வேண்டும். தேங்காயெண்ணெயின் எஸ்டர் இதற்கு நேர்மாறு. அது காறாது, நன்றாய் எரியும். ஆனால் சங்கிலிகள் குறுகியவை ஆதலின் பாகுத்தன்மை 3-க்கும் கீழே இறங்கி ஐரோப்பிய விதியின் கீழெல்லையிற் தவறும். 2007 முதல் தம் டீசலில் தேங்காயெஸ்டரைக் கட்டாயமாய்க் கலக்கும் பிலிப்பைன் நாட்டார் 2.0 முதல் 4.5 வரை என்று தமக்கேற்ற எல்லையை வகுத்துக்கொண்டனர். பிறர் சட்டையை வாங்கித் தைத்துத் திருத்தி அணிந்தனர் எனலாம்.

மற்றைப் பரீட்சைகளை விரைந்து கூறிச் செல்வோம். தங்கிய மெதனாலைத் தீப்பற்று நிலை காட்டிக்கொடுக்கும். தூய எஸ்டர் 170 பாகை வரையிலும் தீப்பற்றாது; நூற்றுக்கு ஒரு பங்கு மெதனால் நிற்பின் 40 பாகைக்குக் கீழேயே பற்றக்கூடும். எஸ்டர் டீசலைவிடப் பன்மடங்கு நீரை ஏற்று ஒளித்துக்கொள்ளும். அந்நீர் எஸ்டரைப் பிளந்து அமிலமாக்குவதோடு கிருமிகள் வளரவும் இடந்தருமாதலின், ஒரு கிலோவில் 500 மில்லிகிராமே அனுமதி. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் சாம்பலாய்ப் படிந்து புகைக்குழாயிலுள்ள வடிகட்டியைக் கெடுக்கும். எண்ணெயின் பிசினிலிருந்து வரும் பாஸ்பரஸ் அவ்விடத்துள்ள ஊக்கியைக் கெடுக்கும். மெருகிட்ட செம்புத் தகட்டை 50 பாகையில் மூன்று மணி நேரம் மூழ்கவைத்து நிறம் பார்க்கும் பரீட்சை மிகப் பழமையானது, ஆயினும் பார்ப்பதற்கு இனியது.

இனி, தரவிதி இருந்தும் பரீட்சை நடவாமையால் வந்த ஒரு கேட்டினை விரிவாய்க் கூறுவாம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபால் மின்னசோட்டா என்றொரு மாகாணம் உண்டு; சோயா பெருக விளைவது, மாரியிற் கடுங்குளிர் உடையது. அந்நாட்டில் முதன்முதலாக, விற்கும் டீசலிலெல்லாம் நூற்றுக்கு 2 பங்கு பயோடீசல் கலந்தே ஆகவேண்டுமென்று அம்மாகாணத்தார் 2002-ல் சட்டம் இயற்றினர். 2005 செப்டம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் குளிர் இறங்கியதும் லாரிகள் வழியில் நின்றன. ஓட்டுநர் வடிகட்டிகளைக் கழற்றிப் பார்க்க, அவை அடைபட்டிருந்தன. ஆராய்ந்தபோது, சந்தைக்கு வந்த பயோடீசலில் ஒரு பகுதி விதி குறித்த கிளிசரின் எல்லையைத் தாண்டியிருந்தமை வெளிப்பட்டது. மாகாண அரசினர் சட்டத்தைச் சில வாரம் நிறுத்திவைத்து, 2006 பிப்ரவரியில் மீண்டும் நடத்தினர். டி 6751 என்னும் விதி அச்சாகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது, எண்ணும் சரியானதே. அவ்வெண்ணைக் கருவியில் ஏற்றிப் பாராமலே எரிபொருள் லாரிகளின் தொட்டிக்குட் சென்றுவிட்டது. சோயா பயிரிட்ட உழவரோ, தம் பயிரின் பெயரே கெட்டதைப் பார்த்து நின்றனர்.

2006-ல் அந்நாட்டுத் தேசியப் புதுப்பிக்கும் எரிசக்தி ஆராய்ச்சிச் சாலையார் நாடெங்குமிருந்து மாதிரிகள் திரட்டிச் சோதித்தபோது நூற்றுக்கு 59 மாதிரிகள் ஏதேனும் ஒரு விதியில் தவறின. கிளிசரினே தலையாய குற்றம். அடுத்த ஆண்டு மறுபடியும் சோதித்தனர். இம்முறை உற்பத்தியின் பெரும்பங்கு, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு, விதிக்கு உட்பட்டிருந்தது. பெருந்தொழிற்சாலைகள் தேறின, சிறியவையே தவறின என்பது அம்முறை கண்ட வேறுபாடு. செய்முறையில் இடையே புதிய கண்டுபிடிப்பு எதுவும் நேரவில்லை. ஒவ்வொரு தொகுதியையும் அளந்து பார்க்கத் தொடங்கினர்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. கிளிசரின் எல்லைக்கு உட்பட்ட எரிபொருளும் சில வேளை குளிரில் நெடுநேரம் நின்றபின் மங்கி, பின்னர்ச் சூடேறியும் தெளியாமல் வடிகட்டியை அடைப்பதைக் கண்டனர். எண்ணெய் வித்துக்களில் இயற்கையாய் உள்ள ஸ்டிரால் குளூக்கோசைடு என்னும் பொருளும் மானோகிளிசரைடும் இதற்குக் காரணமென அறிந்து, 2008-ல் புதிய பரீட்சை ஒன்றை விதியிற் சேர்த்தனர். 300 மில்லிலிட்டர் மாதிரியை 16 மணி நேரம் 4.5 பாகைக் குளிரில் வைத்து, இயல்பான வெப்பத்திற்கு வரச்செய்து, கண்ணாடி நாரினாலான நுண்வடிகட்டியின் வழியே இழுப்பர். 360 வினாடிக்குள் முற்றும் இறங்க வேண்டும். ஒரு வடிகட்டியின் தொல்லையைக் கண்ணாடிப் பாத்திரத்திற்குள் அப்படியே நடித்துக் காட்டும் பரீட்சை இது. தரவிதிகள் இவ்வாறுதான் வளர்கின்றன; சாலையில் நின்ற வண்டி அட்டவணையில் ஒரு வரியாகின்றது.

நம் நாட்டின் நிலை யாது? 2009-ல் வெளியான தேசியக் கொள்கை, 2017-க்குள் நூற்றுக்கு 20 பங்கு கலப்பதெனக் குறித்து, காட்டாமணக்கையும் புங்கையும் பெரிதும் நம்பிற்று, அக்குறி எட்டப்படவில்லை. 2018-ன் கொள்கை 2030-க்குள் 5 பங்கு என்று இறங்கி, ஒருமுறை பொரித்த எண்ணெயையும் மூலப்பொருளாகக் காட்டிற்று. அதே ஆண்டு ஜூலை முதல், மொத்தத் துருவச் சேர்மங்கள் நூற்றுக்கு 25-ஐத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாதென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விதித்தனர். சட்டியை விட்டு நீங்கவேண்டிய எண்ணெய் யந்திரத்திற்குச் செல்லுமாயின் இரண்டும் நன்மையே. ஆனால் அவ்வெண்ணெய் ஏற்கெனவே காறத் தொடங்கியது, நீரும் அமிலமும் மிகுந்தது, கடைக்குக் கடை குணம் வேறுபட்டது. இதனைக் கொண்டு செய்பவர்க்கே பரீட்சை அதிகம் வேண்டும். அவர்களிடத்தேதான் கருவிகள் குறைவு.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் குஜராத்து முதலிய இடங்களில் பயோடீசல் என்ற பெயர்ப்பலகையின் கீழ்த் தாவர எண்ணெய்ச் சம்பந்தமே இல்லாத மலிவான பெட்ரோலியத் திரவங்களை விற்றவர்மீது அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தனர். லாரிக்காரர் விலையைப் பார்த்தனர், நிறத்தையும் பார்த்தனர். எஸ்டர் நூற்றுக்கு 96.5-க்குக் குறையலாகாதென்னும் ஒரே பரீட்சையில் அத்திரவங்கள் யாவும் வீழ்ந்துவிடும். நாம் மேலே கூறிய மெதனாற் குழாயில் இட்டாலும் கரையாமல் பிரிந்து நின்றிருக்கும். அதற்கு வேண்டியது ஒரு சோதனைக்குழாயும் ஐந்து நிமிஷமுமே.

மாதிரி எடுக்கும் முறையைக் கூறாமல் விடுதல் தகாது. சிறந்த கருவியும் தவறாக எடுத்த மாதிரியைக் கொண்டு பொய்யே சொல்லும். தொட்டியின் மேற்பரப்பில் மட்டும் முகந்தால் அடியிலுள்ள நீரும் கிளிசரினும் வாரா. அடியில் மட்டும் எடுத்தால் நல்ல எரிபொருளும் தீயதாய்த் தோன்றும். மேல், நடு, அடி என்னும் மூவிடத்தும் எடுத்துக் கலக்க வேண்டும். சீசா உலர்ந்திருக்க வேண்டும். வெளிச்சம் புகாத பழுப்புக் கண்ணாடியாயிருத்தல் நலம். தொகுதி எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, ஒரு சீசாவை முத்திரையிட்டு வைத்துக்கொள்ளல் வேண்டும். வழக்கு நேரும்போது பேசுவது அச்சீசாவே.

நாம் இரண்டாமுறை காய்ச்சிய எரிபொருளில் இரண்டு சீசாக்களை எடுத்துவைத்திருக்கிறோம். ஒன்று இரசாயன சாலையின் இருட்டலமாரியில், மூடியிறுக்கி. மற்றொன்று மேற்கு ஜன்னலின் விளிம்பில், பஞ்சடைத்த வாயோடு, உள்ளே ஒரு செம்புக் கம்பித் துண்டும் இட்டு. இரண்டும் இன்றுவரை ஒரே நிறத்தோடுதான் இருக்கின்றன. விடுமுறை கழிந்து கல்லூரி திறந்ததும் இரண்டிலிருந்தும் பத்துப் பத்துக் கிராம் எடுத்து அமில எண் காண்பதாயிருக்கிறோம். பியூரெட் பிடிக்க விரும்பும் மாணவர் தம் பெயரை ஆய்வுச்சாலை உதவியாளரிடம் முன்னரே கொடுப்பாராக.